பூட்டுக்கடை மாடிப் பல் டாக்டரம்மா

எங்கள் தெருமுனையில் ஒரு பூட்டுச் சாவிக் கடை இருக்கிறது. அதற்கு மேலே, லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு பல் டாக்டரம்மா இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். குட்டை உருவம், அகலத் தோள், தினமும் பத்துக் கிலோ மாவு பிசைகிறவர் மாதிரி கை. முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தால் மேல்வரிசையில் வலதுபக்கம் இரண்டு பல் இருக்காது. பல் டாக்டருக்கே பல் இல்லை என்றால் யாராவது அங்கே போவார்களா? நான் போனேன். வேறு வழி இல்லாமல்தான் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இந்த ஊருக்கு வந்து அப்போது எட்டு மாதம். என் வீட்டுக்காரருக்கு ஒரு சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசர் வேலை. பிள்ளைகள் இரண்டு பேரையும் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்திருந்தோம். அவருக்கு வேலை செய்யும் இடத்தில் பேசிப் பேசி பாஷை வந்துவிட்டது. எனக்கு மொத்தம் நாற்பது வார்த்தை தெரியும். அதில் பாதி காய்கறி. மீதியில் 'மன்னிக்கணும்', 'நல்லது', 'வேண்டாம்', 'பஸ்'. வாயைத் திறந்தால் மூடாதவள் என்று பெயரெடுத்த எனக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். கடையில் அழுகின தக்காளியைக் கட்டிக் கொடுத்தால்கூட 'நல்லது' என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த நேரம் பார்த்து இடதுபக்கம் பல்வலி வந்தது.

என் வலதுபக்கக் கடைவாயில் ஏற்கெனவே இரண்டு பல் இல்லை. சின்ன வயதில் வலிக்கிறது என்றேன், பிடுங்கிப் போட்டார்கள், அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் சாப்பிடுவது இடதுபக்கத்தை நம்பித்தான். அதிலும் ஓட்டை விழுந்தால் மிச்ச ஆயுசுக்கும் எனக்குக் கரைத்த சோறுதான். ஆகவே பயந்தேன். பயந்தால் நான் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். யாரிடமும் சொல்லாமல் நானே வைத்தியம் பார்த்தேன். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். கிராம்பை நசுக்கி அடைத்துக்கொண்டேன். ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வந்த வலி மாத்திரையை வேளைக்கு ஒன்றாக விழுங்கினேன். பத்து நாள் இப்படியே ஓட்டினேன். பதினோராம் நாள் சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அவர் என்னைப் பெரிய க்ளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அது கண்ணாடிக் கட்டடம். டோக்கன், திரை, நம்பர் எல்லாம் உண்டு. ஒரு சின்னப் பையன் மாதிரி டாக்டர். என் தலையைச் சுற்றி ஒரு இயந்திரம் சுற்றி வந்து படம் எடுத்தது. எங்கே வலிக்கிறது என்று கேட்டார். நான் இடதுபக்கக் கன்னம் முழுவதையும் உள்ளங்கையால் மூடிக் காட்டினேன். உண்மையிலேயே எனக்கு வலி காதிலிருந்து தாடை வரைக்கும் இருந்தது. மேலா கீழா என்று எனக்கே தெரியவில்லை. போதாததற்குக் கிளம்பும்போது ஒரு மாத்திரை போட்டிருந்தேன். டாக்டர் கீழ்வரிசையில் பழைய அடைப்பு வைத்திருந்த கடைவாய்ப் பல்லைக் காட்டி ஏதோ சொன்னார். நான் தலையாட்டினேன். இன்னொன்று சொன்னார். அதற்கும் ஆட்டினேன். வெளியே வந்ததும்தான், கூட நின்று கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார். அந்தக் கீழ்ப்பல் தேறாதாம். வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்து பிடுங்கிக்கொள்ள வேண்டுமாம்.

"ஏங்க, கீழ்ப்பல்லுதான்னு அந்தப் பையனுக்கு எப்படிங்க தெரியும்? எனக்கே தெரியலையே!"

"படம் எடுத்துப் பாத்துட்டுத்தானே சொல்றாரு."

"படத்துல என்ன தெரியும்? நம்ம கல்யாணப் படத்துல நீங்ககூடத்தான் லட்சணமா இருக்கீங்க."

"அங்க உக்காந்து எல்லாத்துக்கும் மண்டைய மண்டைய ஆட்டுனது யாரு? நானா?"

"சரி, அதுவும் போச்சுன்னா நான் எதை வச்சு மெல்லுறது?"

"என்னை மெல்லுறதுக்கு உனக்குப் பல்லே தேவையில்ல. அது பாட்டுக்கு நடக்கும்."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. தலையாட்டியவள் நான்தான். ஆனால் வியாழக்கிழமை வரப்போகிறது, பல் போகப்போகிறது. அது போக வேண்டிய பல்தானா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் துணி துவைக்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குப் போனேன். அங்கே நாலு வாஷிங் மெஷின் இருக்கும். எங்கள் கட்டடத்து மாடிப்படி துடைக்கிற அம்மா வாளியோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் துணியை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். வாளியை வைத்தார். நேராக வந்து, என் முகத்துக்கு முன்னால் வாயை ஆவென்று திறந்து, தன் கடைவாயில் அடைத்திருந்த பற்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். புது வளையலைக் காட்டுகிற பெருமை அந்த முகத்தில். அப்புறம் என் முழங்கையைப் பிடித்து வாசல் வரைக்கும் கூட்டிப்போய்ப் பூட்டுக்கடைக்கு மேலே கையை நீட்டினார். மூன்றாவது மாடி ஜன்னலில் பல் படம் போட்ட ஒரு பலகை. எட்டு மாதமாக அந்தத் தெருவில் நடக்கிறேன், என் கண்ணில் பட்டதில்லை. பல் வலிக்காதவரைக்கும் யார் மேலே பார்க்கிறார்கள்?

துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். தலை வாரினேன். புது இடத்தில் போய் முனகிக்கொண்டு நிற்கக்கூடாது என்று இரண்டு மாத்திரை போட்டேன். பத்தாததற்குப் பல்லில் ஒரு கிராம்பும் வைத்தேன். இதைவிட மடத்தனம் கிடையாது, ஆனால் நம் பெண்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் செய்வோம். விருந்தாளி வருகிறார் என்று வீட்டைக் கூட்டுவது போல டாக்டர் பார்க்கப்போகிறார் என்று வலியைக் கூட்டித் தள்ளிவிட்டுப் போனேன்.

மூன்று மாடி ஏறினேன். கதவு திறந்திருந்தது. உள்ளே தரை முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்து வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு மிதியடி. அவ்வளவுதான், என் கால் என்னைக் கேட்கவே இல்லை. செருப்பு இரண்டையும் கழற்றி மிதியடிக்குப் பக்கத்தில் சுவரோரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்கள் என் காலைப் பார்த்தார்கள். அப்போதுதான் அங்கே எல்லாரும் செருப்பும் பூட்ஸுமாக உட்கார்ந்திருப்பது எனக்கு உறைத்தது. திரும்பிப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தால் இன்னும் கேவலம். மெட்டி போட்ட விரலை மடக்கிக்கொண்டு நின்றேன்.

மேசைக்குப் பின்னால் மீசை வைத்த பெரியவர் ஒருவர் இருந்தார். எட்டிப்பார்த்தார். எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு பழைய துண்டை எடுத்து, ஜன்னலோர நாற்காலிக்கு முன்னால் தரையில் விரித்தார். தரை சில்லென்று இருக்குமாம். அவர் டாக்டரம்மாவின் வீட்டுக்காரர். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அவர் யார் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பதுதான். ஸ்டாப்பிங் சொல்வது போல உரக்க, நாற்காலியைக் கையால் காட்டி, அதைச் சொல்லிக் கூப்பிடுவார். "கதவோர நாற்காலி!" ஒருத்தர் எழுந்து போவார். "ஜன்னலோர நாற்காலி!" என்றபோது நான் எழுந்தேன்.

உள்ளே டாக்டரம்மா. என்னைப் படுக்கவைத்ததும் என் கையில் ஒரு பொருளைத் திணித்தார். பார்த்தால் சைக்கிள் ஹார்ன். ரப்பர் குமிழும் பித்தளைக் குழாயும் கொண்ட பழைய ஹார்ன்.

நான் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். கிடங்கில் ஏதோ வண்டி பின்னால் வருகிற சத்தத்துக்கு நடுவில் அவர் பேசினார்.

"வலிச்சா அதை அமுக்கணுமாம். கையத் தூக்கக் கூடாதாம். முன்ன ஒருத்தர் கையத் தூக்குறேன்னு கருவியெல்லாம் தட்டோட சேத்துக் கொட்டிட்டாராம்."

"என்னது, பாம் பாம்னா?"

"ஆமா. அமுக்கு, அவ்ளோதான்."

கதவு மெல்லிய பலகை. வெளியே இரண்டு ஆண்கள். நான் இரண்டு பிள்ளை பெற்றவள். இரண்டு தடவையும் வாயைத் திறந்து கத்தவில்லை என்று என் மாமியாரே மெச்சிக்கொண்டவள். என் மாமியார் மெச்சிய விஷயம் வாழ்க்கையில் அது ஒன்றுதான். அப்படிப்பட்டவள் முன்பின் தெரியாத இடத்தில் படுத்துக்கொண்டு பாம் பாம் என்று ஹார்ன் அடிப்பேனா?

டாக்டரம்மா பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியின் காம்பால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். கீழ்வரிசை. மேல்வரிசை. இரண்டு மாத்திரையும் கிராம்பும் வேலை செய்துகொண்டிருந்தன. எல்லாம் மந்தமாக இருந்தது. "நல்லது, நல்லது" என்று தெரிந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் நிறுத்தினார். போனைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"மாத்திரை ஏதாவது போட்டியான்னு கேக்குறாங்க."

"இல்லன்னு சொல்லுங்க."

"போடலையா?"

"இல்லன்னு சொல்லுங்கன்னு சொல்றேன்ல!"

அவர் சொன்னார். டாக்டரம்மா குனிந்து, என் வாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்து, ஒரு இழுப்பு இழுத்தார். முகமூடியைக் கழற்றினார். சிரித்தார். அப்போதுதான் அந்த இரண்டு பல் இல்லாத இடத்தைப் பார்த்தேன். சொந்தப் பல்லையே காப்பாத்திக்கத் தெரியல, இது என் பல்லைக் காப்பாத்தப் போகுதா என்று நினைத்தேன்.

"கிராம்பு வாசனை அடிக்குதாம்," என்றார் வீட்டுக்காரர். "மாத்திரையும் போட்டிருப்பேன்னு அவங்களே சொல்றாங்க. நாளைக்குக் காலைல ஒண்ணும் போடாம வரணுமாம். வலியோட வரணுமாம். வலி இல்லாம வந்தா நான் எதைப் பாக்குறதுன்னு கேக்குறாங்க."

"திட்டுறாங்களா?"

"திட்டத்தான் செய்யுறாங்க. நீயே திட்டுற மாதிரி இருக்கு. ஒரு நிமிஷம் வீட்டுல இருக்கேனோன்னு நெனச்சுட்டேன்."

வெளியே வந்தால் என் செருப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. யாரோ ஒரு காகிதத்தைக் கீழே போட்டு அதன்மேல் எடுத்து வைத்திருந்தார்கள்.

அன்று ராத்திரி எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். விடிந்தால் புதன்கிழமை. அதற்கு மறுநாள் வியாழன், பத்து மணி, பெரிய க்ளினிக். காலை எட்டரைக்கெல்லாம் மூன்று மாடியையும் ஏறிவிட்டேன். வெறும் வயிறு, வெறும் வாய், தலைக்குள் யாரோ அம்மி கொத்துகிற மாதிரி வலி. செருப்பு? பழையபடி வாசலில்தான். துண்டு ஏற்கெனவே விரித்திருந்தது.

படுத்தேன். ஹார்ன் கையில் வந்தது. போனில் அவர் வந்தார். டாக்டரம்மா கீழ்வரிசையில் அந்த அடைப்பு வைத்த பல்லைத் தட்டினார். வியாழக்கிழமை போக வேண்டிய பல். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டக், டக். ஒன்றுமில்லை. பக்கத்துப் பல், ஒன்றுமில்லை. மேலே வந்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவதைத் தட்டியபோது வலி கண்ணுக்குப் பின்னால் பளீரென்று வெட்டியது.

நான் ஹார்னை அமுக்கவில்லை.

ஏன் என்று இன்றைக்கு வரைக்கும் என் வீட்டுக்காரர் கேட்கிறார். வெட்கம் பாதி. மீதி பயம். எதை அமுக்குகிறேனோ அதைப் பிடுங்கிவிடுவார்களே! வலிக்கவில்லை என்றால் பல் தப்பிக்கும் என்று என் புத்திக்கு அப்படி ஒரு கணக்கு. முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு "நல்லது" என்றேன்.

டாக்டரம்மா அடுத்த பல்லுக்குப் போனார். திரும்பி அதே மூன்றாவது பல்லுக்கு வந்தார். தட்டினார். கீழே போய் இரண்டு பல்லைத் தட்டினார். மறுபடியும் அந்த மூன்றாவது. அவர் என் வாயையே பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலையைத் திருப்பி நாற்காலியின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டே கையால் தட்டிக்கொண்டிருந்தார்.

கருவியைத் தட்டில் வைத்துவிட்டு, சக்கர ஸ்டூலை உருட்டிக்கொண்டு போய், என் மெட்டி விரலை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினார். அப்புறம் தன் கையைச் சுருட்டி இறால் மாதிரி மடக்கிக் காட்டினார். போனைப் பார்த்து ஏதோ பேசினார், பேசும்போதே சிரித்தார்.

அந்தப் பக்கம் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

"என்னங்க? என்ன சொல்றாங்க?"

"அந்தப் பல்லத் தட்டுறப்பல்லாம் உன் கால்விரல் சுருண்டுக்குதாம். மத்தப் பல்லுக்குச் சும்மா கிடக்குதாம். இந்தம்மா வாயை இனிமே நம்ப மாட்டேன், காலைத்தான் பாப்பேங்கிறாங்க."

நான் என் காலைப் பார்த்தேன். துரோகி.

"பிடுங்கிடுவாங்களான்னு கேளுங்க. முதல்ல அதைக் கேளுங்க."

அவர் கேட்டார். டாக்டரம்மா ஸ்டூலை மறுபடி என் தலைமாட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தார். ஒரு துளிப் பஞ்சில் எதையோ தெளித்து, அதைப் பனிக்கட்டி மாதிரி ஆக்கி, அந்த மேல்பல்லில் வைத்தார்.

அடித்தேன் ஹார்னை. வெட்கமாவது மானமாவது. பாம், பாம், பாம் என்று மூன்று தடவை. கட்டடமே அதிர்ந்தது. வெளியிலிருந்து பஸ் டிரைவர் ஐயாவின் குரல் கணீரென்று வந்தது. வெளியே இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"அவர் என்ன சொன்னாரு?"

"இறங்கணும்னா முன்னாடியே சொல்லணும், திடீர்னு பெல் அடிக்கக் கூடாதுன்னு சொன்னாரு," என்றார் வீட்டுக்காரர். அவரால் முழுதாகச் சொல்லி முடிக்க முடியவில்லை.

அந்த ஒரு பல்லுக்கு மட்டும் விரலளவு படம் எடுத்தார்கள். டாக்டரம்மா அதை விளக்குக்கு நேராகப் பிடித்து எனக்கே காட்டினார். பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில், வெளியே இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், கறுப்பாக ஒரு குகை. சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டது. மேலே கெட்டிருந்த பல் கீழே வலித்துக்கொண்டிருந்திருக்கிறது. அப்படி நடப்பது சகஜமாம். அப்புறம் கீழ்வரிசையில் அந்த அடைப்பு வைத்த பல்லை விரல் நகத்தால் டொக்கென்று தட்டினார். மிக மெதுவாக, எனக்குப் புரியட்டும் என்று, எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வார்த்தையைச் சொன்னார். "நல்லது."

"பிடுங்க வேண்டாமாங்க?"

"கீழ்ப்பல்லுக்கு ஒண்ணுமே இல்லையாம். மேல்பல்லுக்கு ரூட் கேனல் பண்ணிக் காப்பாத்திடலாமாம். எதையும் பிடுங்க வேண்டாம். ஏய், அழுறியா?"

"பஞ்சு ஜில்லுன்னு இருக்குங்க," என்றேன்.

அன்றைக்கே மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைத் திறந்து, கெட்டுப்போனதை எடுத்துவிட்டார். டிரைவர் ஐயாவே பெரிய க்ளினிக்குக்குப் போன் போட்டு வியாழக்கிழமையை ரத்து செய்தார். ரொம்பச் சுருக்கமாக, அந்த நேரத்து பஸ் ஓடாது என்கிற மாதிரிச் சொல்லி வைத்தார். நான் வீட்டுக்கு வந்தேன். ஊசி மரப்பு மாலையில் இறங்கியது. வலி வரும் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. சாதத்தைப் பிசைந்து முன்பல்லாலேயே தின்றுவிட்டு, தட்டைக்கூடக் கழுவாமல் படுத்து, பன்னிரண்டு மணிநேரம் தூங்கினேன். செவ்வாய்க்கிழமை போட்ட துணி மெஷினிலேயே கிடந்து நாறிப்போனது. இன்னொரு தடவை துவைத்தேன், பாட்டுப் பாடிக்கொண்டே.

அதற்கப்புறம் மூன்று தடவை போனேன். டாக்டரம்மாவின் கதையை டிரைவர் ஐயா அப்போதுதான் சொன்னார். ஒரு தடவை லீவு போட்டுக்கொண்டு கூடவந்த என் வீட்டுக்காரர் அதைத் தமிழில் சொன்னார்.

டாக்டரம்மாவின் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் தரை துடைத்தவர். இவர் பதினேழு வயதில் ஒரு பல் டாக்டரிடம் கருவி கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தார். பத்தொன்பது வயதில் இவருக்கே பல்வலி. முதலாளி உட்காரவைத்து, "இதுதானே?" என்று கேட்டிருக்கிறார். அது இல்லை. ஆனால் முதலாளி கேட்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? தலையாட்டினார். நல்ல பல் போனது. வலி நின்றபாடில்லை. மூன்று நாள் கழித்துப் பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார்கள். அந்த முதலாளிக்குக் கடைசி வரைக்கும் தான் செய்த தப்பு தெரியாது. இவரும் சொல்லவில்லை. அங்கேயே இன்னும் பதினொரு வருஷம் கருவி கழுவினார்.

டிரைவர் ஐயா அங்கே நோயாளியாக வந்தவர்தான். துளி ரத்தத்தைப் பார்த்ததும் சாய்ந்துவிட்டார். கருவி கழுவுகிற பெண் ஓடிவந்து தாங்கிப் பிடித்திருக்கிறார். "அன்னைக்குப் பிடிச்சவ, இன்னும் விடல," என்றார் அவர். இப்போதும் அந்த உள்ளறைக்குள் அவர் காலை வைப்பதில்லை. மேசையோடு சரி. முப்பது வயதில், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று இவர் நின்றபோது, அவர் ராத்திரி வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். அந்தக் குழந்தையின் சைக்கிளில் இருந்ததுதான் அந்த ஹார்ன். கூடப் படித்தவர்கள் இவரை அத்தை என்று கூப்பிடாத குறை. முப்பத்தெட்டு வயதில் படிப்பை முடித்து, பூட்டுக்கடைக்கு மேலே இந்த இரண்டு அறையை எடுத்தார். மாடி ஏற முடியாதவர்களுக்கு? மதியத்துக்கு மேல் பையைத் தூக்கிக்கொண்டு இவரே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பாராம்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கடைசித் தடவை, பல்லுக்குத் தொப்பி மாதிரி உறை போட்டு முடித்ததும் நேரடியாகவே கேட்டேன். அதற்குள் எனக்குப் பல் சம்பந்தப்பட்ட வார்த்தைகள் இருபது சேர்ந்திருந்தன. அவர் வாயைக் காட்டி, "நீங்க? ஏன் பல்லு இல்ல? ஏன் வைக்கல?" என்றேன்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். அந்தப் பாஷையில் அது எப்படி ஒலித்ததோ, தமிழில் அது இப்படித்தான் இருக்கும்:

"யாருகிட்டப் போய் வைக்குறது? இன்னொரு டாக்டர்கிட்டப் போகணுமே. எனக்குப் பயமா இருக்கே!"

நான் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்து டிரைவர் ஐயா கதவைத் தட்டினார்.

அன்றைக்கு நான் கிளம்பும்போதே நல்ல மழை. முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்டுக்கொண்டு போயிருந்தேன். எட்டு மாதம் கழித்தாவது நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேனே, இனிமேல் எல்லாரையும் போல இருப்போம் என்று கழற்றாமலே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். டாக்டரம்மா வேலையை ஆரம்பிக்கவில்லை. ஹார்னை என் கையிலிருந்து பிடுங்கி மேசையில் வைத்தார். என் பூட்ஸைச் சுட்டிக்காட்டினார். கழற்று என்றார். கழற்றி, சாக்ஸையும் உருவிப்போட்ட பிறகுதான் விளக்கைப் போட்டார்.

போன வாரம் ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் பிள்ளைகள் வறுத்த வேர்க்கடலை கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு மாடி ஏறினேன். மதிய இடைவேளை, உள்ளே நோயாளி யாரும் இல்லை. டாக்டரம்மா ஒரு கடலையைக் கையில் எடுத்து, இது கடினம் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நான் இரண்டை வாயில் போட்டு இடதுபக்கம் தள்ளி, நறுக்கென்று கடித்துக் காட்டினேன். மேல்பல், கீழ்ப்பல், இரண்டும்.

அவரும் போட்டுக்கொண்டார். அவருக்கும் இடதுபக்கம்தான். டிரைவர் ஐயா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டப்பாவை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அவருக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது.